வாரேன் என்று சொன்ன பேய்

செவலங்குறிச்சிக்கு ஒரு கஷ்டம் வந்தால் அதன் பின்னாலேயே ஒரு பேய்ப் படமும் வரும் என்பதும், கஷ்டம் எந்த வழியாக ஊருக்குள் நுழைந்ததோ அதே வழியாகத்தான் அந்தப் படத்தின் பேயும் நுழையும் என்பதும், சண்முகவிலாஸ் டாக்கீஸ் முதலாளி தளவாய்க்கு அவருடைய அப்பா சொல்லிவிட்டுப் போன தொழில் ரகசியம். குளம் வெடித்து, கிணறுகளில் கயிறு எட்டாமல் போன வருஷத்தில் ஓடிய படத்தின் பேய் கிணற்றுக்குள்ளிருந்து ஏறிவந்து வீட்டில் இருந்த செம்புத் தண்ணீரை எல்லாம் குடித்தது. தீப்பெட்டி ஆபீஸ்கள் அடைத்து இளவட்டங்கள் திருப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட்ட வருஷத்தில் வந்த பேய், ஆளில்லாத வீடுகளின் பூட்டை உள்ளேயிருந்து திறந்தது. இரண்டு தெருக்காரர்கள் அரிவாளோடு நின்ற வருஷத்தில் ஓடிய படம், பேய் எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் பார்த்த இரண்டு தெருக்காரர்களுக்கும் அது நன்றாகத் தெரிந்திருந்தது. எது எப்படியானாலும் இரண்டரை மணி நேரம் பேய்க்குப் பயந்துவிட்டு வெளியே வந்து ஒரு டீ குடித்தால் மற்ற பயம் கொஞ்ச நாளைக்கு அடங்கியிருக்கும் என்பதால், ஊர்க்காரர்களும் தளவாயை நன்றியோடுதான் நினைத்தார்கள்.

ஆகவே காய்ச்சல் காலம் முடிந்து, கொட்டகைகளைத் திறக்கலாம் என்று உத்தரவு வந்ததும், வெளியிலிருந்து நடந்துவந்து கதவைத் தட்டுகிற பேய் உள்ள படம் எங்கே கிடைக்கும் என்று தளவாய் விசாரித்தார், கிடைத்தது, வாங்கிவந்து போட்டார். பெரிய கதை ஒன்றும் இல்லை. மலைமேல் ஒரு பங்களா, அதற்குள் ஒரு பணக்காரக் குடும்பம், கீழே ஏதோ ஒரு பாவத்தைச் செய்துவிட்டு மேலே வந்து கதவைப் பூட்டிக்கொண்டவர்கள். மூடுபனிக்குள்ளிருந்து வெள்ளைச் சேலையும் விரித்த தலையுமாக ஒருத்தி நடந்துவருவாள், கதவைத் தட்டுவாள், இடைவேளை விடுவார்கள், இடைவேளைக்குப் பிறகு உள்ளே நுழைந்து ஒவ்வொருவராகக் கொல்லுவாள், கடைசியில் இன்ஸ்பெக்டர் வருவார். சங்கரன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் படம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

செவலங்குறிச்சியில் அவள் உள்ளே நுழையவில்லை.

முதல் நாள் மதியக் காட்சியில் அவள் பனிக்குள்ளிருந்து வந்தாள், கதவைத் தட்டிவிட்டு ஒரு படி கீழே இறங்கி நின்றாள், உள்ளே இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை வெளியிலிருந்தே தெரிந்துகொண்டவள் போலத் தலையைக் கொஞ்சம் சாய்த்தாள், பிறகு, படத்தில் மற்ற எல்லோரும் பட்டணத்துத் தமிழ் பேசிக்கொண்டிருக்க, அவள் மட்டும் செவலங்குறிச்சித் தமிழில், “சரி, வாரேன்” என்று சொன்னாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நின்றாள். அப்புறம் திரும்பி, வந்த வழியே நடந்து பனிக்குள் போய்விட்டாள். இடைவேளைக்குப் பிறகான படம் முழுவதும் அந்தக் குடும்பம் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. யாரையும் யாரும் கொல்லவில்லை. காப்பி போட்டுக் குடித்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கதவைப் பார்த்தார்கள், காற்றில் ஒரு ஜன்னல் அடித்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். கடைசியில் வந்த இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இங்கே எனக்கு என்ன வேலை என்பது போல நின்றுவிட்டுப் போனார்.

புது மாதிரியாக எடுத்திருக்கிறான் என்று பால்காரர் குத்தாலம் சொன்னார், மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். ஆனால் அன்றைக்கு டீக்கடையில் யாரும் உட்காரவில்லை. ஒரு கொலைகூட இல்லாத படத்தைப் பார்த்துவிட்டு இத்தனை பயமாக ஏன் இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை. மறுநாளும் அதே ஆட்கள் வந்தார்கள், அதற்கு மறுநாளும் வந்தார்கள், சங்கரன்கோவிலுக்குப் பெண் கொடுத்தவர்கள் அங்கே அவள் கதவைப் பிளந்துகொண்டு நுழைந்து கிழவனை விட்டத்தில் தொங்கவிடுகிறாள் என்று வந்து சொன்ன பிறகும் யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு நுழைகிற பேய் வாய்த்திருக்கிறது என்று மட்டும் கொஞ்சம் பொறாமையோடு பேசிக்கொண்டார்கள். விநியோகஸ்தரின் ஆள் வந்து, கொட்டகையைக் காலிசெய்யச் சொல்லித் தனியாக உட்கார்ந்து பார்த்தபோது அவள் உள்ளே நுழைந்து ஒருவர் விடாமல் கொன்றாள். மறுபடியும் முதலிலிருந்து போட்டு, அவன் பக்கத்தில் குத்தாலத்தை உட்காரவைத்ததும், படி இறங்கி நின்று “சரி, வாரேன்” என்றாள். படத்தில் ஒன்றும் இல்லை முதலாளி என்று சொன்ன அந்த ஆள், வேறு எதில் இருக்கிறது என்பதைச் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டான்.

எதில் இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். யாரைவிடவும் நம்பிராஜனுக்குத் தெரியும்.

நம்பிராஜன் ரேடியோ செட் வைத்திருந்தவன். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் குழாயும் பெட்டியும் மைக்கும் அவனுடையவைதான், குரலும் அவனுடையதுதான். அவன் “அன்பார்ந்த பொதுமக்களே” என்றால் வயல்காட்டில் நிற்கிறவன் நிமிர்ந்து பார்ப்பான். காய்ச்சல் ஊர் ஊராக வந்துகொண்டிருந்த நாட்களில், தளவாய் தலைமையில் ஒரு கமிட்டி கூடி, தார்ரோடு ஊருக்குள் திரும்புகிற இடத்தில் டிரம்களை உருட்டிவைத்து, உடைமுள்ளை வெட்டிப் போட்டு, குறுக்கே ஒரு சவுக்குக் கட்டையைக் கட்டியது. பகல் முழுதும் ஆள் நின்று கத்த முடியாது என்பதால், நம்பியின் குரலைப் பதிவுசெய்து அங்கிருந்த புளியமரத்தில் குழாயைக் கட்டி ஓடவிட்டார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் யாராக இருந்தாலும், சொந்தக்காரர்களாகவே இருந்தாலும், ஊருக்குள் வரவேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம் என்று அது திரும்பத் திரும்பச் சொன்னது. சொந்தக்காரர்களாகவே இருந்தாலும் என்பது கமிட்டி எழுதிக் கொடுத்ததில் இல்லை. அப்படி ஒரு வரி இருந்தால்தான் எடுபடும் என்று நம்பிக்குத் தோன்றியது, அவனாகச் சேர்த்துக்கொண்டான்.

அவனுக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்திதான், ஆவுடை. புருஷன் செத்த பிறகு கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவள் இங்கே இருக்கக்கூடாது என்று வாடகை வீட்டுக்காரர்கள் சாமானைத் தூக்கி வெளியே வைத்ததும், தக்காளி இறக்கிவிட்டுத் திரும்புகிற லாரியில் பாதித் தூரமும் நடந்து மீதித் தூரமுமாக ஊர் வந்து சேர்ந்தாள். தூரத்தில் அண்ணன் குரல் கேட்டதும், என்ன சொல்கிறது என்று விளங்குவதற்கு முன்னால், நடையை எட்டிப்போட்டாள் என்று அன்றைக்குத் தடுப்பில் நின்ற குத்தாலம் பின்னொரு நாள் தாங்கமாட்டாமல் யாரிடமோ சொல்லியிருக்கிறார்.

அவரோடு நம்பியும் நின்றான், இன்னும் சிலரும் நின்றார்கள், எல்லோரும் துண்டை மூக்குவரை கட்டியிருந்தார்கள். அவள் அண்ணனைக் கண்டுபிடித்தாள். சண்டை போடவில்லை, அழவில்லை. தண்ணீர் கேட்டாள். ஒரு பாட்டிலை ரோட்டில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள், அவள் அண்ணாந்து குடித்துவிட்டு, பாட்டிலை வைத்த இடத்திலேயே வைத்தாள். தலைக்கு மேலே அண்ணனின் குரல் தாழ்மையுடன் கேட்டுக்கொண்டது. அது ஒரு சுற்று முடியும்வரை இருந்து கேட்டுவிட்டு, “சரிண்ணே, வாரேன்” என்றாள்.

சொல்லிவிட்டுக் கொஞ்சம் நின்றாள். ஏனென்றால் வாரேன் என்று சொல்கிறவரைப் போயிட்டு வா என்று சொல்லாமல் செவலங்குறிச்சியில் ஒருவரும் அனுப்பியதில்லை. கடன் கேட்டு வந்தவனையும், வாய்க்கால் தகராறுக்கு வந்தவனையும்கூட அந்த வார்த்தையைச் சொல்லித்தான் அனுப்புவார்கள். சாவு வீட்டில் மட்டும்தான் போகிறவர் சொல்லிக்கொள்வதும் இல்லை, இருக்கிறவர் பதில் சொல்வதும் இல்லை. நம்பி துண்டுக்குள் வாயைத் திறந்தான். போயிட்டு வா என்பதில் கடைசியாக ஒரு வா இருக்கிறது என்பது அந்த வயதுவரை அவனுக்குத் தோன்றாமல் இருந்து, அப்போதுதான் தோன்றியது. அந்த வாவைக் கமிட்டிக்காரர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துப் பார்த்தான். நினைத்து முடிப்பதற்குள் குழாய் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது, ஆவுடை திரும்பி நடந்தாள். அதற்குப் பிறகு அவள் எங்கே போனாள், இருக்கிறாளா இல்லையா என்று அவன் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்றிருந்தது. ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் தங்கச்சி உண்டு, சொல்லாததனால் இல்லை என்பது மட்டும் அவனுக்குச் சந்தேகம் இல்லாமல் தெரிந்தது.

திரையில் வந்தவளுக்கும் ஆவுடைக்கும் சாயலே இல்லை. அவள் யாரோ வடக்கத்திப் பெண், உருண்டை முகம், கண்ணுக்குள் வெள்ளை லென்ஸ் மாட்டியிருந்தாள். தலையைச் சாய்த்ததும், சொன்னதும், சொல்லிவிட்டு நின்றதும்தான் ஆவுடை. ஆகவே ஆவுடையின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, வாரேன் என்றால் என்ன அர்த்தம் என்று விவாதித்தார்கள். திரும்ப வருவேன் என்று மிரட்டுகிறாள், ஆகவே காவல் போடவேண்டும் என்று தளவாய் சொன்னார். போகிறேன் என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறாள், பீடை ஒழிந்தது என்று வேறு சிலர் சொன்னார்கள். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியாரைக் கூட்டிவந்து கேட்டபோது, அவர் நிகழ்காலம் என்றும் எதிர்காலம் என்றும் இரண்டு பக்கமும் உதாரணம் காட்டிப் பேச ஆரம்பிக்க, குத்தாலம் குறுக்கிட்டார்.

“ஓய் வாத்தியாரே, மாமியா வீட்டுல மூக்குமுட்டத் தின்னுட்டு வாரேன்னு எந்திரிக்கேரே, அது எந்தக் காலம்வே?”

“அது வழக்கு.”

“யாரு மேல?”

சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்போடு எழுந்து வீட்டுக்குப் புறப்பட்ட ஒருவரும் அன்றைக்கு வாரேன் என்று சொல்லவில்லை. முதலில் கொட்டகை வாசலில் சொல்லாமல் விட்டார்கள், பிறகு டீக்கடையில் விட்டார்கள், பிறகு வீடுகளிலும் விட்டார்கள். அந்த வார்த்தை வாய்வரைக்கும் வந்ததும் திரையில் நின்றவளின் குரலாக இருந்தது. போறேன் என்று சொல்லவும் முடியாது, அது அபசகுனம். ஆகவே பேச்சின் நடுவில் எழுந்து, செருப்பைத் தேடி மாட்டி, ஒன்றும் சொல்லாமல் நடந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பிய புதுப்பெண் அம்மாவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் காரில் ஏறினாள். விருந்து சாப்பிட்டவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் பந்தலை விட்டுப் போனார்கள். பெண்ணின் தகப்பன் வாசலில் நின்று, எங்க வீட்டுல யாருய்யா செத்துட்டா என்று கேட்டார், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்படியாக ஊரில் எல்லா வீடும் சாவு வீடாயிற்று, யாரும் சாகாமலே.

திரையிலோ அவள் நிற்கிற நேரம் கூடிக்கொண்டு போயிற்று. வாரேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறவள், ஒரு காட்சிக்கு ஒரு காட்சி இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தாள். இடைவேளை தள்ளிக்கொண்டே போனது, முறுக்கு விற்கிறவன் அவள் நிற்கும்போதே உள்ளே வந்து விற்க ஆரம்பித்தான், பெண்கள் பீடித் தட்டோடு வந்து உட்கார்ந்து இலை வெட்டினார்கள். படத்துக்குள் மழை பெய்து அவள் நனைந்தாள், வெயிலடித்து அவள் சேலை காய்ந்தது, பங்களாத் தூணைப் பிடித்திருந்த கொடி நீண்டு அவள் தோளைத் தொட்டுப் பூத்தது. அவள் கை தூக்கி அதை விலக்கவில்லை. அவளுக்குக் கால் வலிக்காதா என்று முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள், அதற்குப் பிறகு பெண்கள் அவளைப் பேய் என்று சொல்வதை விட்டுவிட்டு அந்தப் பிள்ளை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மந்திரவாதி ஒருவரைக் கூட்டிவந்து திரைக்கு முன்னால் எலுமிச்சம்பழம் நறுக்கினார்கள். அவள் அதை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒலியை நிறுத்திப் பார்த்தார் தளவாய். சத்தமில்லாமல் அவள் உதடு அசைந்தது இன்னும் நன்றாகக் கேட்டது. படத்தை எடுத்துவிட்டு வேறு படம் போட்டார். அந்தக் காதல் படத்தின் கல்லூரி வாசலிலும் அவள் வந்து நின்றதும் பழைய படத்தையே திரும்பப் போட்டார்.

நம்பி ஒவ்வொரு நாளும் போனான். கொட்டகையில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தான். அவள் வாரேன் என்று சொல்கிற இடம் வரும்போது குனிந்து செருப்பைச் சரிசெய்தான், அவள் நிற்கிற நேரம் நீண்டபோது செருப்பு சரியாகிவிட்டது, குனிந்தே இருந்தான். ஒரு நாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே அவன் மனைவி செண்பகம் சொன்னாள்.

“அவ எதுக்கு நிக்கான்னு ஆம்பளைய எல்லாம் கூடிக் கூடிப் பேசுதிய. பதிலுக்கு நிக்கா. சொல்லிக்கிட்டவளுக்கு ஒரு பதில் சொல்லாட்டா அவ எப்படிப் போவா? நல்லா வளந்த பிள்ளைல்லா.”

நம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“நாலு எழுத்து. போயிட்டு வான்னு ஒருத்தர் சொன்னாப் போதும்” என்றாள். அவளுக்கு எழுத்தை எண்ணத் தெரியாது, அவன் திருத்தவும் இல்லை.

செண்பகம் சொன்னது பெண்கள் வழியாகத் தெருவுக்குப் போய், தெருவழியாகக் கமிட்டிக்கு வந்தது. தளவாய்க்கு அது நியாயமாகப் பட்டது. ஆனால் யார் சொல்வது என்று கேட்டபோது, ஒவ்வொருவரும் இன்னொருவரைப் பார்த்தார்கள். தனியாக ஒருவர் சொன்னால் அவள் அவர் வீட்டுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அது காரணமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். தனியாக ஒருவர் சொன்னால், அன்றைக்குச் சொல்லாமல் இருந்தவர் அவர்தான் என்று ஆகிவிடும். கடைசியில், ஊரே சேர்ந்து ஒரே குரலில் சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. அதில் வாவும் ஊருக்குப் பொது, வந்தால் ஊருக்கு வரட்டும். ஒரே நேரத்தில் எல்லோரும் சொல்வதற்கு ஒரு குரல் எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று நம்பியிடம் ஆள் வந்தது, பிறகு தளவாயே வந்தார்.

நம்பி ஆம்ப்ளிஃபயர் வேலை செய்யவில்லை என்றான்.

“அன்னைக்கு நல்லாத்தானடே பேசிச்சு” என்றார் தளவாய். அவர் குத்தலாகத்தான் சொல்ல நினைத்தார், ஆனால் சொல்லி முடிக்கும்போது அவர் குரலும் இறங்கிப் போயிருந்தது. அன்றைக்குக் கமிட்டிக்குத் தலைவர் யார் என்று அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். போகும்போது அவர் ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குக் கொட்டகை நிறைந்து, நடைபாதையிலும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் என்பதெல்லாம் அன்றைக்கு இல்லை, செண்பகம் வந்து நம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பனி வந்தது, அவள் வந்தாள், தட்டினாள், படி இறங்கினாள், தலையைச் சாய்த்தாள். சரி, வாரேன் என்றாள். தளவாய் திரைக்குக் கீழே நின்று கையை உயர்த்தி இறக்கினார், அந்தக் கொட்டகையில் அதுவரை எந்தப் பாட்டுக்கும் எழுந்திராத ஒரு சத்தமாக, கிழவர்களும் குழந்தைகளும் கடைக்காரர்களும் கமிட்டிக்காரர்களும் சேர்ந்து, போயிட்டு வா என்றார்கள். சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது, புறாக்கள் எழுந்து பறந்தன. நம்பியின் வாயும் அந்த நேரத்துக்கு அசைந்தது. குரல் வரவில்லை. வந்திருந்தாலும் அத்தனை பேர் குரலுக்குள் யாருக்கும் கேட்டிருக்காது என்று அவன் நினைத்துக்கொண்டான், அதனாலேயே வரவில்லை என்றும் நினைத்துக்கொண்டான்.

திரையில் நின்றவள் முதல் முறையாகக் கதவை விட்டுக் கண்ணை எடுத்து, கொட்டகையைப் பார்த்தாள். ஒவ்வொரு வரிசையாக, விருந்துக்கு வந்தவர்களில் தெரிந்தவர் இருக்கிறாரா என்று பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே வந்தாள். தூணுக்குப் பின்னால் இருந்த நம்பியின் மேல் அந்தப் பார்வை வந்தது, நிற்காமல் அடுத்தவர் மேல் போனது. பிறகு எல்லோருக்கும் பொதுவாகத் தலையை அசைத்துவிட்டு, தோளிலிருந்த கொடியை மெல்ல எடுத்துத் தூணில் விட்டுவிட்டு, நடந்து போனாள்.

அடுத்த காட்சியில் அவள் கதவைப் பிளந்துகொண்டு நுழைந்தாள். கிழவனை விட்டத்தில் தொங்கவிட்டாள், மருமகளை மாடியிலிருந்து தள்ளினாள், குழம்பு மாதிரி ரத்தம் ஓடியது, இன்ஸ்பெக்டர் தொப்பியோடு வந்து துப்பாக்கியை எடுத்தார். ஊர் கைதட்டியது, விசிலடித்தது, சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்பதாம்வே படம் படமா இருக்கு என்றார் குத்தாலம். வெளியே வந்து எல்லோரும் டீ குடித்தார்கள், குடித்துவிட்டு, தெருமுனையில் பிரியும்போது ஒருவருக்கொருவர் தேவைக்கு மேலேயே சத்தமாக வாரேன் என்றும் வாங்க என்றும் சொல்லிக்கொண்டார்கள். பந்தலில் கேட்ட அந்தத் தகப்பன் வீட்டுக்குச் சில பேர் வலியப் போய் உட்கார்ந்திருந்து, சொல்லிக்கொண்டு கிளம்பிவந்தார்கள். ஒரு வாரத்துக்குள், அவள் உள்ளே வராமல் நின்ற நாட்களைப் பற்றி, ஏதோ ஒரு வருஷம் மழை தப்பிப் பெய்ததைப் பற்றிப் பேசுவதைப் போலப் பேசினார்கள். அப்புறம் அதுவும் இல்லை. ரோட்டுத் திருப்பத்தில் டிரம்கள் இருந்த இடத்தில் தளவாய் ஒரு நிழற்குடை கட்டித் தந்தார்.

கொட்டகையிலிருந்து வந்த அன்றைக்கே செண்பகம் கேட்டாள்.

“நீங்க சொன்னியளா?”

“சொன்னேன்.”

“நான் ஒங்க பக்கத்துலதான இருந்தேன்” என்றாள் செண்பகம். “இத்தன வருஷத்துல ஒங்க சத்தம் எனக்குத் தெரியாதா?”

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, ஆவுடை இருக்கிறாள் என்றாள். காய்ச்சல் அடங்கும்போதே போன் செய்தாள், கோவில்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாள், பின்னாலேயே தங்க இடம் கொடுத்திருக்கிறார்கள், மாதத்துக்கு ஒரு தடவை பேசுகிறாள். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நம்பி கேட்டபோது அவனுக்குக் கோபம்கூட வந்தது, அந்தக் கோபம் நியாயமானது போலக் கொஞ்ச நேரம் ஆறுதலாகவும் இருந்தது.

“நீங்க கேக்கலயே” என்றாள் செண்பகம். “கேப்பியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

அந்த வாரமே அவன் கோவில்பட்டிக்குப் போனான். பிறந்த வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டியவற்றைச் செண்பகம் எடுத்துக் கொடுத்தாள், ஒரு சேலையும் முறுக்கும் ஒரு சீப்புப் பழமும். பஸ்ஸில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். மைக்கில் பேசுகிறவனுக்கு எப்போதும் முதல் வாக்கியம்தான் கஷ்டம், அது வந்துவிட்டால் மற்றது தானாக வரும். அவனுக்கு முதல் வாக்கியம் கோவில்பட்டி வரைக்கும் வரவில்லை.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் பச்சை விரிப்புகள் கொடியில் காய்ந்தன. ஆவுடை தொட்டி ஓரம் நின்று வாளி கழுவிக்கொண்டிருந்தாள், அவனைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, “வாங்க” என்றாள்.

அவள் அவனை ஒருநாளும் வாங்க என்று சொன்னதில்லை. நாற்காலி எடுத்துப் போட்டாள், டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து தட்டில் வைத்துக் கொடுத்தாள், செண்பகம் மைனி நன்றாக இருக்கிறாளா என்று கேட்டாள், ஊரில் மழை உண்டா என்று கேட்டாள், ரோட்டில் நிழற்குடை கட்டப்போகிறார்களாமே என்று கேட்டாள். கோபத்தின் ஒரு சுவடும் அவளிடத்தில் இல்லை. கோபம் இருந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று வந்திருந்த நம்பி, பையை அவள் முன்னால் வைத்தான். அவள் சேலையைப் பார்த்து, எதுக்கு இவ்வளவு செலவு என்று சொல்லி ஓரமாக எடுத்துவைத்தாள், வேறு வீட்டார் கொண்டுவந்ததை வைப்பது போல.

“அன்னைக்கு” என்று ஆரம்பித்தான்.

“அன்னைக்கு வெயிலும் கூடத்தான்” என்றாள் ஆவுடை. “நீங்கள்லாம் தலையில ஒண்ணும் இல்லாம நின்னிய.”

அவள் கேலிக்குச் சொல்லவில்லை. அதற்கு மேல் அவனால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, “வீட்டுக்கு வா ஆவுடை” என்றான். அந்த வா எவ்வளவு சிறியது என்பது அவனுக்கே கேட்டது.

“லீவு கிடைக்கட்டும், பாப்பம்” என்றாள்.

அப்போது கூட வேலை பார்க்கிற ஒரு பெண் கையில் துடைப்பத்தோடு வந்தாள். ஒல்லியான, வாயாடிப் பெண். செவலங்குறிச்சியிலிருந்து வந்திருக்கிறார் என்று தெரிந்ததும், அந்தப் பங்களாப் பேய்ப் படம் உங்கள் ஊரில் வந்ததா என்று கேட்டாள். இவர்கள் எல்லோரும் சேர்ந்து போயிருந்தார்களாம், மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அலற, அக்கா மட்டும் அந்தப் பேய் கதவைப் பிளக்கிற இடத்தில் அப்படிச் சிரித்தாளாம், இப்படி ஒரு சிரிப்பை இவள் பார்த்ததே இல்லையாம். ஆவுடை அவளைச் சும்மா இரு என்று தோளில் தட்டினாள். அந்தப் பெண் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, நம்பியையும் அவன் கொண்டுவந்த பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“யாருக்கா இவிய? ஒன் சாயலா இருக்கே.”

ஆவுடை கொடியில் காய்ந்த ஒரு விரிப்பை எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தாள்.

“எங்க ஊர்க்காரவிய” என்றாள்.

“அப்படியா அண்ணாச்சி?” என்று அந்தப் பெண் அவனிடம் திரும்பிக் கேட்டாள்.

நம்பி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். இத்தனை நாள் அடைத்துக்கிடந்த குரல் அப்போது வந்தது, பின்கட்டு முழுதும் கேட்கும்படி, கனமாக, தெளிவாக வந்தது.

“ஆமா” என்றான். “ஒரே ஊருதான்.”